திரையில் நகராத மேடு

அந்த மேட்டை முதன்முதலாகப் பார்த்தபோது என் புரோகிராமில்தான் ஏதோ பிசகு என்று நினைத்தேன். என் தொழிலில் அப்படித்தான் நினைக்க வேண்டும். திரையில் புதிதாக ஒன்று தெரிந்தால், வெளியே ஏதோ மாறிவிட்டது என்று நம்புவதற்கு முன்னால், நம் கை எங்கே தவறியது என்று தேட வேண்டும். தேடினேன். தவறு என்னுடையதாகவே இருந்துவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டுத் தேடியது அந்த ஒரு தடவைதான்.

நான் ஏற்காட்டில் குடியிருக்கிறேன். கணவருக்கு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே, சோதனைக் கருவிகளைக் கம்ப்யூட்டர் வழியாக இயக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் இரண்டு கருவிகள். சிக்னல் ஜெனரேட்டர் என்பது நாம் கேட்கிற மாதிரியான மின்துடிப்பை உண்டாக்கிக் கம்பிக்குள் அனுப்பும் பெட்டி. ஆசிலாஸ்கோப் என்பது அந்தக் கம்பியிலிருந்து திரும்பி வருவதை வாங்கித் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. முன்னெல்லாம் இவற்றின் அளவுகளை மாற்றுவதற்குப் பெட்டியின் முகத்தில் இருக்கும் குமிழ்களைத் திருக வேண்டும். இப்போது மென்பொருளே அதைச் செய்கிறது. அதிலும் நான் எழுதுவது, கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தாமல், அளவுகளை மாற்றுகிற வகை.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெனரேட்டருக்குப் புது அளவைச் சொன்னால் அது அந்தக் கணமே மாறிவிடாது, கொஞ்சம் தயங்கும். ஸ்கோப்பும் அப்படித்தான். அந்த இடைவெளியில் திரையில் இருப்பது பழைய படம், அளவுகோல் மட்டும் புதியது. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் எதுவும் உண்மையாக இருக்காது. அந்த இடைவெளியில் வருகிற படங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு பெட்டிகளும் மாறிவிட்டதாகப் பதில் சொன்ன பிறகே அடுத்த படத்தை நம்ப வேண்டும். அதைப் பிசகாமல் செய்து தருவதற்குத்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

இந்தப் பெட்டிகள் மலைச்சரிவுக்குப் போனது என் கல்லூரித் தோழியால். அவள் சேலத்தில் நிலவியல் பாடம் நடத்துகிறாள். தலைச்சோலையைத் தாண்டிப் போனால் வருகிற ஒரு சிற்றூரில், வீடுகளுக்கு மேலே காப்பித் தோட்டத்தின் குறுக்காக, முந்தைய வருடத்து மழையில் தரை வெடித்து ஒரு கோடு விழுந்திருந்தது. உள்ளே கை நுழையும் அகலம். மழை விட்டதும் ஊர்க்காரர்கள் அதில் மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவள் கேள்விப்பட்டு வந்து பார்த்து, கோடையில் அனுமதி வாங்கி, அந்தச் சரிவில் ஆழமாகத் துளை போட்டு, தடித்த கேபிள் ஒன்றை உள்ளே இறக்கிச் சுற்றிலும் சிமெண்ட் கரைசல் ஊற்றினாள்.

யோசனை எளிதானது. மேலிருந்து ஒரு துடிப்பை அனுப்பினால் அது கேபிளின் அடிமுனை வரை போய்த் திரும்பி வரும். வழியில் எங்காவது கேபிள் நசுங்கியிருந்தால், துடிப்பில் கொஞ்சம் அந்த இடத்திலிருந்தே திரும்பிவிடும். திரையில் அது சின்ன மேடாகத் தெரியும். மேடு எங்கே இருக்கிறதோ, அந்த ஆழத்தில் மண் நகர்ந்து கேபிளை நெரிக்கிறது என்று அர்த்தம்.

பெட்டிகளுக்குக் கரண்ட் வேண்டும். சரிவில் இருந்த ஐந்து வீடுகளில் மேலே இருந்தது துளைக்கு மிகவும் பக்கம். அந்த மலையில் பல காலமாகக் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் அவர் வீட்டுக்காரரும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தான். அவனுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்காகவே வீட்டை ஒட்டி ஒரு புது அறை கட்டி, தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தார்கள். அந்த அறையில்தான் பெட்டிகளை வைக்க இடம் கொடுத்தார். கல்யாணம் வரை சும்மாதானே கிடக்கிறது என்றார்.

புரட்டாசியிலிருந்து வாரம் ஒரு தடவையாவது ஸ்கூட்டரில் அங்கே போய்வந்தேன். என் பின்னால் நின்று அக்கா திரையைப் பார்ப்பார். நாங்கள் இல்லாதபோது தூசி விழக் கூடாது என்று பெட்டிகளின் மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி வைப்பார். போனதும் வரக்காப்பி வரும். அதோடு அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: கோடு நேராக இருக்கிறதா? இருக்கிறது என்பேன். அதற்கு மேல் அவருக்கு அதில் அக்கறை இல்லை. கல்யாணப் பேச்சுக்குப் போய்விடுவார்.

ஐப்பசி மழையில் கோடு நேராகவே இருந்தது. கார்த்திகையில் புயல் மழை வந்தது. ஊரில் பெரியவர்களே இப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை என்றார்கள். ஏரி நிரம்பிச் சாலையில் வழிந்தது. மலைப்பாதையில் பல இடங்களில் பாறை உருண்டு, அடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். என் தோழி கீழே மாட்டிக்கொண்டாள். தினமும் போன் செய்து, போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள். மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் போனேன்.

வழியெல்லாம் பனிமூட்டம். ஸ்கூட்டரின் விளக்குக்கு முன்னால் நாலு அடிக்கு மேல் தெரியவில்லை. அக்காவின் வீட்டை அடைந்தபோது அவர் வீட்டுக்காரர் வாசல் கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு அடிப்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்தார். மழையில் மரம் ஊதிக் கதவு தட்டுகிறது, போன வாரம் இழைத்தும் திரும்பவும் தட்டுகிறது என்றார். உள்ளே போனேன். அக்கா அன்றைக்குக் குடம் எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். வீட்டுக்குக் கீழே எப்போதும் ஓடும் ஊற்று அது. மழை இப்படிக் கொட்டும்போது தண்ணீர் பெருகத்தானே வேண்டும், நின்றுபோயிருக்கிறது என்று ஆச்சரியமாகச் சொன்னார். எனக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதைக் கேட்டதும் நேராகப் புது அறைக்குப் போனேன்.

சேலையை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கோட்டின் நடுவில் ஒரு மேடு இருந்தது. பதினொரு மீட்டர் ஆழம் என்று காட்டியது.

முதலில் செய்ய வேண்டியது, அது பொய்யா என்று பார்ப்பது. இந்த வேலையில் பொய் மேடுகள் நிறைய வரும். முந்தைய துடிப்பின் எதிரொலி தாமதமாக வந்து, இப்போதைய படத்தில் ஒரு மேடாக உட்காரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலுள்ள நேரத்தை மாற்றினால் பொய் மேடு திரையில் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். உண்மையான மேடு இருந்த இடத்திலேயே இருக்கும். இதைக் கருவியை நிறுத்தாமல் செய்ய வேண்டும். நிறுத்தி மறுபடி தொடங்கினால் முன்பு வந்த படத்தையும் பின்பு வந்த படத்தையும் வைத்து ஒப்பிடுவதில் சந்தேகம் புகுந்துவிடும்.

துடிப்புகளின் இடைவெளியைக் கூட்டினேன். இரண்டு பெட்டிகளும் பதில் சொல்லும்வரை காத்திருந்தேன். மேடு நகரவில்லை.

குறைத்தேன். நகரவில்லை.

துடிப்பு அகலமாக இருந்தால் சில சமயம் அதன் வாலே மேடு போலத் தெரியும். அகலத்தைப் பாதியாக்கினேன். மேடு இன்னும் கூர்மையாக அதே இடத்தில் நின்றது. துடிப்பின் உயரத்தைக் குறைத்தேன். மேடும் அதே அளவுக்குக் குறைந்தது, இடம் மாறவில்லை. ஸ்கோப்பின் நேர அளவை நெருக்கினேன், விரித்தேன். எப்படி அளந்தாலும் பதினொரு மீட்டர். இணைப்பில் ஈரம் இறங்கியிருந்தால் கோட்டின் ஆரம்பத்தில்தான் தெரியும், நடுவில் தெரியாது. இருந்தும் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். என் புரோகிராமை நம்பாமல், பெட்டிகளின் முகத்தில் இருக்கும் பொத்தான்களை அழுத்தி நேரடியாகப் பார்த்தேன். நான் சொன்ன அளவுகள்தான் அங்கேயும் இருந்தன. பழைய படம் இல்லை. புது அளவுகோல் இல்லை. மேடு மட்டும் இருந்தது.

அந்த அறையில் புது டைல்ஸின் வாசனையும் வெள்ளையடித்த சுவரின் வாசனையும் இருந்தன. அடுப்பங்கரையில் அக்கா பாத்திரம் துலக்கும் சத்தம். வெளியே அவர் வீட்டுக்காரர் கதவை மாட்டிச் சாத்திப் பார்த்தார். சாத்தியது. திருப்தியாக ஏதோ சொன்னார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. கோட்டின் கடைசியில், கேபிளின் அடிமுனையைக் காட்டுகிற பெரிய மேடு, அதற்கேற்பத் தணிந்துகொண்டே வந்தது. அதாவது துடிப்பு அடிவரைக்கும் போகவில்லை, வழியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலுக்குக் கீழே ஏதோ கேபிளை நெரித்துக்கொண்டிருந்தது. தரையில் அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. கால்மிதியில் பூனை படுத்திருந்தது.

தோழிக்குப் போன் போட்டேன். அவள் கேட்டதெல்லாம் நான் என்னையே கேட்டுக்கொண்டதுதான். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

"உறுதியாத்தானே சொல்ற?" என்றாள்.

"என்னால மாத்த முடிஞ்ச எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். அது மாறல."

"அப்ப எல்லாரையும் அங்கிருந்து கிளப்பு. நான் தாசில்தார் ஆபீசுக்குச் சொல்றேன். ஆனா இந்த ரோட்டுல அவங்க மேல வர்றதுக்கு நேரமாகும். நீ அதுக்காகக் காத்திருக்காத."

போனை வைத்தேன். இதைச் சொல்வதற்கு நான் யார் என்று இருந்தது. மண்ணைப் படித்தவள் கீழே இருக்கிறாள். நான் பெட்டிகளுக்குக் கட்டளை எழுதுகிறவள். என் பேச்சைக் கேட்டு ஐந்து வீட்டுக்காரர்கள் மழையில் இறங்கிப் போய், ஒன்றுமே நடக்கவில்லை என்றால்? இறங்காமல் இருந்து, நடந்துவிட்டால்? இரண்டாவது கேள்வி என்னை எழுப்பியது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே காப்பி வேண்டுமா என்று கேட்க வந்ததை விட்டுவிட்டார்.

"அக்கா, இந்த ஊட்டுல இனி இருக்கக் கூடாதுங்க," என்றேன். "கீழ மண்ணு நகருதுங்க. கீழ் ஊட்டுக்காரங்களும் கிளம்போணும்."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொட்டி சொல்லுதா, நீ சொல்றியா கண்ணு?"

"ரெண்டு பேரும்தானுங்க."

அவர் உடனே நம்பவில்லை. போன வருடமும் இப்படித்தான் மழை பெய்தது, கோடு விழுந்தது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். இந்த அறையைக் கட்டும்போது பாறை தட்டும்வரை தோண்டித்தான் அஸ்திவாரம் போட்டோம் என்றார். அவர் வீட்டுக்காரர் வாசலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கதவு தட்டியது மரம் ஊதியதால் இல்லை என்று அவருக்கும் அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். நகைப் பெட்டியையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கீழ் வீடுகளுக்குச் சொல்ல நடந்தார்.

எதிர்முகட்டில் பள்ளிக்கூடம் இருந்தது. பொழுது சாயும் முன் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் வந்தார்கள். அக்கா கடைசியாகத்தான் வீட்டை விட்டு இறங்கினார். பெட்டிகளின் மேல் சேலையைப் போர்த்திவிட்டு வந்திருந்தார்.

அன்று மாலையே கரண்ட் போய்விட்டது. கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று தெரிந்தது. பெட்டிகளுக்கு வைத்திருந்த பேட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும்? அதற்குப் பிறகு சரிவின் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஜன்னல் வழியே எதிரே அந்தச் சரிவு தெரியும். ஐந்து வீடுகள், அவற்றுக்கு மேலே காப்பிச் செடிகள், நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. பார்க்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பிறகு மழை நின்றது. வெயில் வந்தது. இலைகளெல்லாம் கழுவி வைத்தது போல மின்னின. அதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. துணியெல்லாம் ஈரம், மாடுகள் பட்டினி, வீட்டில் அரிசி பூசணம் பிடிக்கும். போய்க் காயவைத்துவிட்டு வருகிறோம், படுக்க இங்கேயே வந்துவிடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொன்னேன். எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஒருவர் கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கரண்ட் வந்துவிட்டது என்று சொன்னார்கள். அப்படியானால் நானும் வந்து ஒருமுறை அளந்து பார்த்துவிடுகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். பாதிப் பேர் பொறுத்தார்கள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் என்னோடு வந்தார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அக்கா உள்ளே வந்து, குரங்கு நுழைந்துவிடும் என்று வாசல் கதவைச் சாத்தினார். இழுத்து அழுத்திச் சாத்த வேண்டியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தார். நான் புது அறைக்குப் போனேன். சுவரின் மூலையிலிருந்து ஜன்னல்வரை சாய்வாக ஒரு விரிசல். டைல்ஸ் இரண்டு தூக்கிக்கொண்டிருந்தன.

பெட்டிகளின் சுவிட்சைப் போட்டேன். கோடு ஆறு மீட்டரில் முடிந்தது, கேபிள் அங்கேயே அறுந்துவிட்டது போல.

பதினொன்றில் நின்ற இடத்தில் ஆறு. பெட்டிகள் அணைந்து எழுந்ததால் பழைய அளவுகளை மறந்திருக்கும், அதனால் கணக்கு தப்பியிருக்கும் என்று நினைத்தேன். எல்லா அளவுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப அனுப்பினேன். இரண்டு பெட்டிகளும் பதில் சொன்னதைப் பார்த்தேன். ஆறுதான். கோட்டின் முனையைப் பெரிதாக்கிப் பார்க்க நேர அளவை விரித்தேன். முனை திரையின் நடுவில் வந்து நின்றது.

அப்புறம் அது இடது பக்கமாக நகர்ந்தது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நான் எதையும் மாற்றவில்லை. முனை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பெரிய அவசரம் எதுவும் இல்லாமல், ஊர்ந்து, மேலே, எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஆறு, ஐந்தரை என்று கீழே எண் மாறியது.

"அக்கா, வெளிய வாங்க," என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கதவை இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். நிலை கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. மேலே ஓட்டுக்குக் கீழே மரம் முனகியது. புது அறைக்கு வெளிவாசல் இல்லை, ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அக்கா தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை, சாப்பிடக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டார்.

அவர் கொட்டகையில் மாட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிறு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. இந்தக் குரலைக் கேட்டதும் அதை விட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். தான் இழைத்துச் சரிசெய்த கதவைத் தானே நெம்பினார். பலகை பிளந்து வழிவிட்டது. பக்கவாட்டில் ஓடுங்கள், கீழே ஓடாதீர்கள் என்று தோழி போனில் சொல்லியிருந்ததை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓடினேன். பக்கத்திலிருந்த பாறை மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தோம்.

சத்தம் பெரிதாக இல்லை. கெட்டித் துணியைக் கிழிப்பது போல நீளமாக ஒரு சத்தம். சில்வர் ஓக் மரங்கள் நின்றபடியே கீழே நடந்தன. மிளகுக் கொடிகளோடு, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல், கூட்டமாக இறங்கிப் போயின. வீடு முதலில் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கி நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தோம். அப்புறம் புது அறை பழைய வீட்டிலிருந்து தனியாகப் பிரிந்து, முகத்தைத் திருப்பிக்கொள்வது போலத் திரும்பி, மண்ணுக்குள் போயிற்று. கீழே இருந்த வீடுகளில் இரண்டு அதோடு போயின. அந்த வீட்டு ஆட்கள் பள்ளிக்கூடத்திலேயே பொறுத்திருந்தார்கள்; பொறுக்காமல் போனவர்களின் வீடுகள் இரண்டும் தப்பின. கொட்டகையும் போனது. மாடு ஒரு தடவை கத்தியது. அக்காவின் வீட்டுக்காரர் கையில் கடப்பாரையைப் பிடித்தபடியே நின்றார். அந்த மாட்டைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசி நான் கேட்டதில்லை.

மனிதர்கள் யாரும் சாகவில்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள். சாலை திறந்ததும் தோழி வந்தாள். அதிகாரிகளும் வந்தார்கள், படம் எடுத்தார்கள். ஆனால் மலையில் பேச்சு வேறு மாதிரி ஓடத் தொடங்கியிருந்தது.

எனக்கு அது தெரியவந்தது கல்யாணத்தில். குறித்த தேதியில், அடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடத்தினார்கள். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம், இவங்கதான் மலையில ஓட்டை போட்டவங்க என்று சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. காலங்காலமாக நின்ற சரிவு, துளை போட்ட முதல் மழைக்கே இறங்கியது என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. அக்கா பரிமாறிக்கொண்டு பின்னால் நின்றார். அவர் காதிலும் விழுந்தது. என் இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

ஒரு துளையால் ஒரு மலைச்சரிவு இறங்காது என்று தோழி எனக்குத் தாளில் வரைந்து காட்டினாள். தரை வெடித்தது துளைக்கு முந்தைய வருடம் என்பதையும் நினைவுபடுத்தினாள். அவள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனாலும் சிமெண்ட் கரைசல் ஊற்றிய நாளில், எவ்வளவு ஊற்றியும் துளை நிரம்பாமல் எங்கோ உள்ளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்ததும், அவள் நெற்றியைச் சுருக்கியதும் மனதில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதைப் பற்றி நான் அவளிடம் கேட்டதில்லை.

அக்கா இப்போது ஏற்காட்டுச் சந்தைக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறார். சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார், நிற்கமாட்டார். பிறகு ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இந்தக் கோடையில் தோழி கிளியூர்ப் பக்கம் இன்னொரு சரிவைக் காட்டினாள். அங்கேயும் தரையில் வெடிப்பு இருக்கிறது. மரங்கள் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றன. அதற்குக் கீழே வீடுகள், வாசலில் காயப்போட்ட துணிகள். மேல் வீட்டுக்காரரிடம் பேசப் போனபோது அக்காவிடம், கூட வரமுடியுமா என்று கேட்டேன். மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். வந்தார்.

அந்த வீட்டுக்காரர் மரியாதையாக உட்காரவைத்தார். தோழி கேபிளைப் பற்றியும் துடிப்பைப் பற்றியும் விளக்கினாள். நான் லேப்டாப்பில் நேரான கோடு எப்படி இருக்கும், மேடு எப்படி இருக்கும் என்று காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, ஓட்டை போட்டதுனாலதான் உங்க ஊடு போச்சுன்னு பேசிக்கறாங்களே. நெசமாங்க?"

தோழி வாயைத் திறக்கப் போனாள், நான் அவள் கையைத் தொட்டேன்.

"அது எனக்குத் தெரியலீங்க," என்றார் அக்கா. "நானும் நொம்ப நாளா அதைத்தான் ரோசிக்கறேன். இந்தப் புள்ள வெளிய வாங்கன்னு சொல்லுச்சு. வந்தோம். உசுரோட இருக்கறமுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

அந்த வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். வீட்டில் எல்லோரிடமும் கலந்து பேசிவிட்டுப் போன் செய்கிறேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு தரையில் உரசி, பாதியில் நின்று, இரண்டாவது தள்ளலில் மூடியது. அக்காவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை நோக்கி நடந்தார்.

ஆடி முடிந்துவிட்டது. சாயங்காலங்களில் மேகம் இறங்கத் தொடங்கியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் இன்னும் போன் செய்யவில்லை.